பாட்டு யார் கையில் இருக்கிறது? கேசட்டிலிருந்து ஹார்டு டிஸ்க் வரை

உசிலம்பட்டி பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த செல்போன் கடைகளில் ஒரு காலத்தில் ஓர் அட்டை தொங்கும்: 'இங்கு பாட்டு ஏற்றித் தரப்படும்.' மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் இருநூறு, முந்நூறு பாட்டு ஏறியிருக்கும். எந்தப் பாட்டு வேண்டும் என்று சில கடைகளில் கேட்பார்கள். சில கடைகளில் 'எந்த ஊரு?' என்று மட்டும் கேட்பார்கள். ஊர்ப்பெயர் கேட்பதன் பொருள் இந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரைச் சொன்னதும் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் திறக்கும். சாதிப் பெருமை பேசும் பாட்டுகளுக்கு அங்கே தனித்தனி ஃபோல்டர்கள் இருந்தன. காலனியிலிருந்து போன நமக்கு ஏறியதெல்லாம் சினிமாப் பாட்டு. நம் ஆத்தா பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், நம் தெருமுனைக் கூட்டங்களில் பாடிய பாட்டுகளும் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை.

இன்று எங்கள் கையில் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது. செல்லம்பட்டி, எழுமலை, கருமாத்தூர் என்று நண்பர்களின் வீடுகளுக்கு அது போய்வந்துகொண்டிருக்கிறது. வாங்குகிறவர் தன்னிடம் இருப்பதை ஏற்றிவிட்டு, வேண்டியதை இறக்கிக்கொள்கிறார். இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பாட்டைச் சேர்த்து வைப்பதற்கும் கைமாற்றுவதற்கும் இந்த மண்ணில் நீண்ட வரலாறு இருக்கிறது. யாருடைய பாட்டு சேமிக்கப்பட்டது, யாருடைய பெயர் விடுபட்டது என்பது அந்த வரலாற்றுக்குள்தான் இருக்கிறது.

காகிதத்தில் போன பாட்டு

இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருமங்கலத்தில் வாழ்ந்தவர் நாடகக் கலைஞர் விஸ்வநாததாஸ். முடிதிருத்தும் சமூகத்தில் 1886இல் பிறந்தவர். புராண நாடகத்துக்கு நடுவே வெள்ளை அரசை எதிர்க்கும் பாட்டைப் பாடிவிடுவார். அதற்காகப் பலமுறை சிறை போனார். சாதியைச் சொல்லி அவருடன் மேடையேற மறுத்தவர்களும் உண்டு. அரசு அவர் பாட்டுக்கு அஞ்சியது. உடன் நடித்தவர்கள் அவர் சாதிக்கு அஞ்சினார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார்.

அந்தக் காலத்தில் பாட்டு கைமாறியது காலணா, அரையணா பாட்டுப் புத்தகங்களில். சந்தையிலும் ரயிலடியிலும் விற்ற அந்த மெல்லிய புத்தகங்களை ஒருவர் வாங்குவார், பத்துப் பேர் மனப்பாடம் செய்வார்கள். அரசு தடை செய்த பாட்டும் இப்படித்தான் ஊர் ஊராகப் போனது. ஒரு பிரதியைப் பறிமுதல் செய்யலாம், பத்துத் தலைக்குள் இருப்பதை என்ன செய்வது? பிரதிகள் பரவிக் கிடப்பதே பாதுகாப்பு என்ற உண்மையை கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நம் மக்கள் அறிந்திருந்தார்கள்.

எழுதப் படிக்க விடாமல் தடுக்கப்பட்ட நமக்கோ அந்தக் காகிதமும் எட்டாக்கனி. நடவுப் பாட்டும் கும்மியும் ஒப்பாரியும் தாயின் வாயிலிருந்து மகளின் காதுக்குப் போயின. பாடியவர் செத்தால் அவருக்கு மட்டுமே தெரிந்த பாட்டும் கூடவே சுடுகாட்டுக்குப் போனது.

மைக்கோடு வந்தவர்கள்

பிறகு ஒலிப்பதிவுக் கருவியோடு ஆட்கள் வந்தார்கள். டச்சு நாட்டு ஆய்வாளர் ஆர்னால்டு பாக்கே 1938இல் தென்னிந்தியாவில் சுற்றி நாட்டார் இசையைப் பதிவு செய்தார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 1984இல், நசீர் ஜைராஸ்பாய், ஏமி கேட்லின் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளின் நகலைத் தூக்கிக்கொண்டு அதே ஊர்களைத் தேடிப் போனார்கள். தங்கள் முன்னோர் பாடியதை மக்கள் மறுபடி கேட்க ஐம்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தகைய பதிவுகளைக் காப்பதற்காக 1982இல் தொடங்கப்பட்ட இசை ஆவணக் காப்பகம் டெல்லிக்கு அருகே குர்கானில் இருக்கிறது. அங்கே நல்ல வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விவசாயக் கூலிப் பெண் தன் பாட்டியின் குரலைக் கேட்க குர்கான் போக முடியுமா?

காப்பகம் பதிவைப் பத்திரமாக வைத்திருக்கும், மக்கள் அதைப் புழக்கத்தில் வைத்திருப்பார்கள். இரண்டும் வேண்டும். நெடுங்காலம் நமக்கு இரண்டுமே இல்லை.

கேசட் திறந்த கதவு

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. நம் ஊர்த் தெருக்களுக்கு அது பரவலாக வந்தது எண்பதுகளில். இசைத்தட்டு இருந்த காலத்தில் எதைப் பதிவு செய்வது என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்தது. தட்டில் கேட்க மட்டும்தான் முடியும். கேசட்டில் நாமே பதியலாம், அழிக்கலாம், மறுபடி பதியலாம், டேப் ரெக்கார்டர் இரண்டைச் சேர்த்து நகலும் எடுக்கலாம். ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அனுபவம் உங்கள் அப்பா, சித்தப்பா எல்லோருக்கும் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கதவு வழியாகத்தான் தலித் இசை வெளியே வந்தது. சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன் 'தன்னானே' குழுவோடு மேடை மேடையாகப் பாடினார். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டு அவர் குரலில்தான் தமிழ்நாடெங்கும் போனது. மேடையில் கேட்டவர்கள் கேசட்டில் வாங்கினார்கள். கேசட்டில் கேட்டவர்கள் தங்கள் ஊர்க் கூட்டத்தில் பாடினார்கள். 2005இல் வந்த அவருடைய 'வடு' தன்வரலாற்றை நாம் படிக்கிறோம். அவர் 2016 ஜனவரியிலும் இன்குலாப் அதே ஆண்டு டிசம்பரிலும் நம்மைவிட்டுப் போனார்கள்.

மதுரை அரசரடியில் உள்ள இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று பெயர் வைத்துக்கொண்டு, கர்னாடக இசையும் மேற்கத்திய இசையும் நிறைந்திருந்த தேவாலயத்துக்குள் நாட்டுப்புற மெட்டைக் கொண்டுபோனார். ஒரு பாட்டை மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பாட முடிய வேண்டும், அப்போதுதான் அது மக்களின் பாட்டு என்பது அவர் நிலைப்பாடு. அவர் 2005இல் மறைந்தார். அமெரிக்க ஆய்வாளர் ஜோ ஷெரினியன் அவரைப் பற்றி 2014இல் ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். ஆங்கிலத்தில் புத்தகம் இருக்கிறது. அவர் பாட்டு உங்களில் எத்தனை பேர் போனில் இருக்கிறது?

இன்னொன்றையும் கேட்டுக்கொள்வோம். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 அக்டோபர் வரை முறையாக ஒரு தலைவரை உட்கார விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களுமாக ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1989இல் உத்தப்புரத்தில் எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. இந்த வருடங்களின் அரசாணைகள் கோட்டையில் இருக்கின்றன. தீர்ப்புகள் நீதிமன்றத்தில் இருக்கின்றன. செய்தித்தாள்கள் நூலகத்தில் இருக்கின்றன. அப்போது நம் தெருக்களில் எழுந்த பாட்டும் அழுகையும் முழக்கமும் எங்கே இருக்கின்றன? யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், பூஞ்சை பிடித்த கேசட்டில் இருக்கலாம். அந்த நாடா ஒவ்வொரு மழைக்காலத்திலும் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டு லட்சம் பாட்டு

ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஒலிச் சுருக்க முறைக்கு 1995 ஜூலையில் எம்பி3 என்ற பெயர் ஒட்டியது. ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 1 எம்பிக்குள் அடங்கிவிடும். கணக்கு இப்படி: 60 நிமிடக் கேசட்டில் 12 பாட்டு. 700 எம்பி சிடியில் 140. 2 ஜிபி மெமரி கார்டில் 400. 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் 2 லட்சம். ஒரு வானொலி நிலையத்தின் இசைநூலகம் இன்று ஒரு மாணவரின் பைக்குள் இருக்கிறது.

'கொரியன் செட்' என்று நாம் அழைத்த மலிவு விலைச் சீனப் போன்களும் மெமரி கார்டும் வந்தபோது இதே கதை உலகின் பல மூலைகளிலும் நடந்தது. ஆப்பிரிக்காவின் மாலியில், சஹாரா பாலைவன ஓரத்தில், இணையம் இல்லாத ஊர்களில் இளைஞர்கள் போனிலிருந்து போனுக்கு புளூடூத்தில் பாட்டு அனுப்பினார்கள். அப்படி மெமரி கார்டுகளில் கிடந்த உள்ளூர்ப் பாட்டுகளைச் சேர்த்து ஒருவர் தொகுப்பாக வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் அந்தக் கலைஞர்களைக் கேட்டது. 2012இல் வடக்கு மாலியை ஆயுதக் குழுக்கள் பிடித்து இசையையே தடை செய்தன. கியூபாவில் இணையம் எட்டாத வீடுகளுக்கு வாராவாரம் 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் பாட்டும் படமும் செய்தியும் கைக்குக் கை போயின. 'வாரப் பொட்டலம்' என்பது அதன் பெயர். எங்கெல்லாம் மக்களுக்கு ஒலிபெருக்கி மறுக்கப்பட்டதோ அங்கெல்லாம் அவர்கள் பையில் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 2004இல் குண்டர் சட்டத்துக்குள் 'வீடியோ கொள்ளையர்' சேர்க்கப்பட்டார்கள். படத்தின் பாட்டுப் பதிவைத் திருடி விற்பதும் அதில் அடங்கும். விற்பனைக்காக சினிமாப் பாட்டை நகலெடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை. உழைத்தவருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் இயக்கம் அதை ஆதரிக்க முடியாது. நாம் பேசுவது யாரும் விற்காத, யாரும் வாங்காத நம் பாட்டுகளைப் பற்றி. அதற்கும் உரிமை உண்டு. பாடுகிறவருக்குத் தனி உரிமை இருப்பதை 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் ஏற்றது. பாடியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையை 2012 திருத்தம் சேர்த்தது. கருமாத்தூர்ச் சந்தையில் கீரை விற்கும் ஒரு மூதாட்டி நம் போனில் பாடினால் அவருக்கும் அந்த உரிமை உண்டு.

பெயர் எங்கே?

உங்கள் போனில் பழைய எம்பி3 ஒன்றைத் திறந்து பாருங்கள். பாடியவர் என்ற இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் இருக்கும். பாட்டின் பெயர் 'ட்ராக் 07' என்றிருக்கும். பாடியவர் இல்லை, எழுதியவர் இல்லை, பறை அடித்தவர் இல்லவே இல்லை.

பெயர் விடுபடுவது தற்செயல் என்று சொல்வார்கள். 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெங்கும் பரவியது. நிலமற்ற தேயிலைத் தோட்டக் கூலிகளின் நினைவைச் சுமந்த அந்தப் பாட்டை எழுதிப் பாடியவர் அறிவு. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டையில் அவர் இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகு அவருக்கென டிஜிட்டல் அட்டை வெளியிட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அவர் அங்கே இல்லை. உலகம் முழுக்கத் தெரிந்த கலைஞருக்கே இதுதான் நிலை என்றால், ஒப்பாரி பாடும் பாட்டியின் பெயரை யார் எழுதுவார்கள்? நாம்தான் எழுத வேண்டும்.

பாட்டுக்காக உயிர் போவதும் நடந்திருக்கிறது. 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷிர்டியில் ஒரு தலித் நர்சிங் மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் போனில் ஒலித்தது அம்பேத்கர் பாட்டு; அந்த ரிங்டோன்தான் தகராறின் தொடக்கம். சாதிப் பெருமைப் பாட்டை பஸ்ஸில் சத்தமாக வைத்தால் அது 'ரசனை'. நம் தலைவரின் பாட்டு சில நொடி ஒலித்தால் அது 'திமிர்'. ஒரு ஹார்டு டிஸ்க்கில் என்ன ஏற்றுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை, தோழர்களே.

எல்லாவற்றையும் பகிரலாமா?

இங்கே நமக்குள் ஒரு விவாதம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. பறையை நம் விடுதலைக் கருவி என்கிறோம். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' எல்லாம் பறைக்கும் கானாவுக்கும் பெரிய மேடை கொடுத்தன. ஆனால் நம் தாத்தாக்களில் பலர் பறையைத் தூக்கி எறிந்தவர்கள். சாவு வீட்டில் அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இழிவு. இளையபெருமாள் தென்னார்க்காட்டில் அந்த இழிவை விடச் சொல்லி இயக்கமே நடத்தினார். இந்தப் பக்கத்திலும் அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

எனவே ஒரு பெரியவரிடம் மைக்கை நீட்டி 'அடிங்க தாத்தா' என்று சொல்லும் முன் யோசிக்க வேண்டும். ஒரு பெரியம்மா எங்களிடம் ஒப்பாரி பாடிக் காட்ட மறுத்தார். 'அவுக வீட்டு எழவுக்கு மாரடிச்சு அழுத பாட்டுய்யா அது, அதப் போயி பத்தரமா வைக்கணுமா?' என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. யோசித்துவிட்டு, பாட்டுக்குப் பதிலாக அந்த மறுப்பை அவர் அனுமதியோடு பதிவு செய்துகொண்டோம். மறுத்ததும் நம் வரலாறுதான். எந்தப் பதிவை எல்லோருக்கும் கொடுக்கலாம், எதைக் குடும்பத்துக்கு மட்டும் கொடுக்கலாம், எதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பாடியவரே சொல்லட்டும். அதை ஒரு வரியில் எழுதி பதிவோடு சேர்த்து வையுங்கள்.

விழுந்து உடைந்த பெட்டி

இப்போது இருப்பது எங்கள் இரண்டாவது ஹார்டு டிஸ்க். முதலாவது, ஒரு கூட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்து விழுந்தது. அதன் உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலும். படிக்கும் முனை அந்தத் தட்டுக்கு மேலே, தூசி நுழைய முடியாத இடைவெளியில் மிதக்கும். ஓடும்போது விழுந்தால் முனை தட்டில் உரசிவிடும். எடுத்து மாட்டினோம். டிக், டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. சினிமாப் பாட்டுகள் எல்லாம் ஒரு வாரத்தில் திரும்பக் கிடைத்துவிட்டன. நாங்கள் பதிவு செய்திருந்த நான்கு முதியவர்களின் குரல் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார். அவர் மகன் நகல் கேட்டு வந்தபோது நாங்கள் பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை. பறிமுதல் செய்யவோ தடை போடவோ யாரும் வரவில்லை. எங்கள் அலட்சியத்திலேயே அது போனது.

அந்த வெட்கத்தில் கற்றதைச் சொல்கிறோம். எந்தப் பதிவுக்கும் மூன்று பிரதி வேண்டும். இரண்டு பிரதி வெவ்வேறு வகைக் கருவியில் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஒரே பீரோவில் மூன்றையும் வைத்தால் ஒரு தீ போதும், ஒரு வெள்ளம் போதும். வருடத்துக்கு ஒருமுறை மாட்டிக் கேட்டுப் பாருங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்க வேண்டுமானால் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 முறை 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது.

பதியும்போது எம்பி3 வேண்டாம், வேவ் வடிவில் பதியுங்கள். எம்பி3, காதுக்குக் கேட்காது என்று கணக்கிட்டதையெல்லாம் வெட்டிவிடும். அதைச் செம்மைப்படுத்தியவர்கள் சோதனைக்கு வைத்துக்கொண்டது சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி தனிக்குரலில் பாடிய ஒரு பாட்டு. திடீரென்று வெடிக்கும் தாள ஒலிகளில் அந்த முறை தடுமாறும், அடியின் முனை மழுங்கும். சுண்டுக்குச்சி பறையில் விழும் அந்தச் 'சுள்' எப்படிக் கேட்கும் என்று நீங்களே பதிந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேவ் வடிவில் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்குக் கொஞ்சம் அதிகமாகும். 1 டெராபைட்டில் 1,500 மணி நேரம் அடங்கும். ஒரு வட்டாரத்தின் பாட்டு முழுவதற்கும் அது போதும்.

கோப்பின் பெயரை யுனிகோட் தமிழில் எழுதுங்கள்: பாடியவர் பெயர், ஊர், தேதி, என்ன வகைப் பாட்டு. பழைய எழுத்துருக்களில் அடித்த பெயர்கள் இன்று குறிகளாகத்தான் தெரிகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள், அப்போது சுருங்காது. பாடியவர் வீட்டுக்கு ஒரு பென்டிரைவில் முதல் பிரதியைக் கொடுத்துவிட்டுத்தான் டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். இது எங்கள் விதி.

அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ்களை எந்த அரசும் தேடிக் காக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற நம் ஆட்கள் வீட்டில் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவர் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபோது, தொண்ணூறு வருடம் கழித்து ஒரு சிந்தனையாளர் நமக்குத் திரும்பக் கிடைத்தார். தமிழ் அறிவுலக வரலாற்றையே மறுபடி எழுத வேண்டி வந்தது. அந்தக் காகிதங்களை 'பழைய பேப்பர்' என்று எடைக்குப் போட்டிருந்தால்?

வரும் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பரணில் ஏறிப் பாருங்கள். கேசட் ஏதாவது கிடந்தால் துடைத்து நிழலில் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பாடச் சம்மதித்தால் பாடச் சொல்லுங்கள், பெயரை முழுசாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் டிஸ்க்கில் இன்னும் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஜெய்பீம்.